சித்தி ஓடாத சுற்றுகள்

எங்கள் வீட்டில் கணக்கு வராதவள் நான் ஒருத்திதான். பதினேழையும் ஒன்பதையும் கூட்டச் சொன்னால் கைவிரல்கள் தீர்ந்து கால்விரல்களைத் தேடுவேன். அந்தக் கணக்குதான் பிற்பாடு எட்டாம் வகுப்போடு என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து வெளியே கொண்டுவந்து விட்டது. அப்படிப்பட்ட என்னைத்தான், போலீஸ் வேலைக்கு ஓடிப் பழகிய சித்தி, தன் சுற்றுகளை எண்ணச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

கணக்கு வராதே ஒழிய எனக்குப் பயம் நன்றாக வரும். மழை பிடித்துக்கொண்டால் ஓடு ஒழுகி எல்லாரும் நனைவோம் என்று பயம். அப்பா வண்டி ஐந்து நிமிஷம் தாமதித்தால் வாய்க்காலுக்குள் போயிருக்கும் என்று பயம். தெருவில் எனக்குப் பெயரே 'பயந்தாங்கொள்ளி' தான்.

சித்தி அம்மாவின் கடைசித் தங்கை. எழுத்துப் பரீட்சை பாஸாகிவிட்டாள். ஆடி மாதம் தஞ்சாவூரில் ஓட்டம், தாண்டல், குண்டு எறிதல். தாத்தா ஒரே ஒரு முறைக்குத்தான் சம்மதித்திருந்தார். கிடைத்தால் வேலை, கிடைக்காவிட்டால் ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளையைக்கூடப் பார்த்து வைத்தாகிவிட்டது. அதனால் சித்திரை பிறந்ததுமே அவள் ஒரு பையோடு எங்கள் ஊருக்கு வந்து இறங்கினாள். எங்கள் ஊரில்தான் அப்பா இருந்தார்.

அப்பா இளவயதில் ராணுவ ஆள் எடுப்புக்குத் திருச்சிக்குப் போய், மார்பு அரை அங்குலம் போதாமல் திரும்பி வந்தவர். அன்றிலிருந்து ஓட்டத்தைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. சித்திக்காக ஒரு விசில் வாங்கினார். விடிந்ததும் பச்சை முட்டை, பிறகு குளத்தைச் சுற்றிப் பத்துச் சுற்று. டிவிஎஸ் ஃபிப்டியில் அவர் விசில் ஊதிக்கொண்டே பின்னால் வருவார்.

"ஓட வேண்டியது நானூறு மீட்டர்தானே அத்தான்?" என்று சித்தி ஒருநாள் கேட்டாள்.

"ஆழ உழுதாத்தாம்மா வெள்ளாமை. உடம்புக்கு ஓய்வு குடுத்தா துருப்பிடிச்சுரும்" என்றார் அப்பா. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மணி நேரம் தூங்குகிறவர் அவர்.

மேட்டூர் அணை திறக்காத காலம். குளம் வற்றி, கரை மண் வெந்த செங்கல் மாதிரி இறுகிக் கிடந்தது. ஒரு மாதம் போனது. ஒரு நாள் பம்புசெட்டில் துணி அலசப் போனபோது, சித்தி தண்ணீர் கொட்டும் வாயில் ஒரு காலை நீட்டி, உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வீங்கியிருந்தது.

"அப்பாகிட்ட சொல்லட்டா சித்தி?"

"சொன்னே, நாக்கை இழுத்து வச்சு அறுத்துருவேன். அத்தான் வாயிலேருந்து தாத்தா காதுக்குப் போயிரும்."

மறுநாள் ஏதோ சாமான் வாங்குவதாகச் சொல்லித் திருக்காட்டுப்பள்ளிக்குக் கிளம்பியவள், என்னையும் கூட்டிப்போனாள். டாக்டர் அந்த எலும்பைக் கட்டைவிரலால் அமுக்கியதும் சித்திக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "இப்படியே ஓடினா எலும்புல விரிசல் விட்டுரும்மா. பதினைஞ்சு நாள் ஓடாதீங்க. ஓடியே ஆகணும்னா பாதிதான். மண்ணு பூவா இருக்கிற பக்கம் ஓடுங்க" என்றார் அவர். சித்தி தலையை ஆட்டினாள். விரிசல் என்ற சொல் என் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பஸ்ஸில் வரும்போது அவள் காலையே பார்த்துக்கொண்டு வந்தேன், எந்த நேரமும் டப்பென்று சத்தம் கேட்கும் என்று.

அந்த வாரம் குறுவைக்கு நாற்றங்கால் வேலை தொடங்கியது. அப்பாவால் குளக்கரைக்கு வர முடியவில்லை. "பெரியவன் வந்து எண்ணுவான்" என்றார். அண்ணன் கணக்கில் நூற்றுக்கு நூறு. ஒரு சுற்றில் கால் பங்கு குறைந்தாலும் சொல்லிவிடுவான்.

"அவன் வேண்டாம் அத்தான், சின்னவளே எண்ணட்டும்" என்றாள் சித்தி.

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். "இவளா? ஏழுக்கு அப்புறம் என்னான்னு இவ குளத்து மீனைக் கேப்பா!"

"எனக்கு அவ கணக்கு போதும்."

அதைக் கேட்டு நான் ஓரடி உயரம் வளர்ந்தேன். என் கணக்கை நம்பவும் உலகத்தில் ஓர் ஆள்!

கரையில் அரசமரத்துப் பிள்ளையாருக்குப் பக்கத்தில் நான் உட்காரவேண்டும். சுற்று முடிந்து சித்தி என்னைத் தாண்டும்போது எண்ணிக்கையைச் சத்தமாகச் சொல்லவேண்டும். முதல் நாள், அவள் கிளம்பி நிற்கும்போதே என் வாய் "லாபம்!" என்றது. களத்தில் நெல் அளக்கும்போது ஒன்று என்று சொல்லமாட்டோம், முதல் மரக்காலுக்கு லாபம் என்றுதான் சொல்வோம். அவள் ஒரு சுற்று முடித்து வந்தபோது "ரெண்டு" என்றேன். இப்படி ஓடாமலே ஒரு சுற்று கழிந்தது.

அது போதாது, டாக்டர் பாதி என்றாரே. அடுத்த நாள் மூன்றுக்குப் பிறகு ஐந்து என்றேன். சித்தி நேரே பார்த்து ஓடிக்கொண்டிருந்தாள். மறுநாள் ஏழையும் விழுங்கினேன். அதற்கடுத்த நாள் எட்டையும். பிள்ளையார் இருந்த பக்கம் நான் திரும்பவே இல்லை.

சாயங்காலம் அப்பா சேற்றுக்காலோடு வந்து, "பத்தும் ஆச்சா?" என்பார்.

"அவளைத்தான் கேக்கணும்" என்பாள் சித்தி.

"ஆச்சுப்பா" என்பேன்.

பதினைந்து இருபது நாளில் வீக்கம் வடிந்தது. சித்தி பம்புசெட் பக்கமே போகவில்லை. ஆனால் எனக்குப் பழைய பயம் போய்ப் புதிய பயம் பிடித்தது. பத்துச் சுற்று ஓடினால்தான் வேலை கிடைக்கும் என்று அப்பா சொல்லியிருக்கிறார். நானோ அவளை ஏமாற்றிவிட்டேன். தோற்றுப்போய் ஆவணியில் அவள் மணவறையில் உட்கார்ந்து அழுவாள், அதற்குக் காரணம் நான். யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். திருடின சுற்றையெல்லாம் நானே ஓடி அடைத்துவிடுவது என்று பிள்ளையாரிடம் ஒப்புக்கொண்டேன். மொத்தம் எத்தனை என்று எனக்குக் கணக்கு வரவில்லை. எதற்கும் இருக்கட்டுமென்று நூறு என்று வைத்துக்கொண்டேன்.

தினம் சாயங்காலம் ஓடினேன். மூன்றாம் நாள் வயலிலிருந்து வந்த அப்பா பார்த்துவிட்டார். "அடடே, நம்ம வீட்டுல ரெண்டு போலீஸா!" என்று பூரித்துப்போய் விசிலை எடுத்துவந்தார். விடியற்காலையில் எனக்கும் ஒரு பச்சை முட்டை. நான் அதை வாழை மரத்தடியில் துப்பிவிட்டு, சாயங்காலம் வழக்கம்போல ஓடினேன். ஐந்தாம் நாள் கெண்டைக்கால் இரண்டும் கல்லாக இழுத்துக்கொண்டு, கரையிலேயே சுருண்டு விழுந்தேன்.

சித்திதான் தூக்கிவந்தாள். நல்லெண்ணெய் காய்ச்சி, கெண்டைக்காலைக் கீழிருந்து மேலாக நீவிவிட்டாள்.

"எதுக்குடி இப்படி வெறி பிடிச்ச மாதிரி ஓடுனே?"

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். லாபம், விழுங்கிய நாலு, ஏழு, எட்டு, பிள்ளையார், நூறு. சித்தி சட்டென்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. ஐயோ, அழவைத்துவிட்டோமே என்று எனக்கு அழுகை இரட்டித்தது.

கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி என் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "நீ இனிமே ஓடக் கூடாது. சின்ன உடம்பு, தாங்காது."

"நீ மட்டும் ஓடுற?"

"எனக்குத்தான் நீ இருக்கியே" என்றாள்.

தஞ்சாவூருக்கு நானும் அப்பாவும் கூடப் போனோம். கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றோம். கால் பிசகி அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணைத் தூக்கிவந்தார்கள். இன்னொருத்தி முழங்காலில் துணி சுற்றி நொண்டிக்கொண்டு வந்தாள். பிள்ளையாரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு என் நாக்கு வறண்டது. கடைசியில் சித்தி வந்தாள். ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு, சந்தைக்குப் போய்த் திரும்புகிறவள் மாதிரி நடந்து வந்தாள்.

"ஓடிட்டேன் அத்தான்."

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எல்லாம் அந்தப் பத்துச் சுற்று" என்றார். சித்தி "ஆமா அத்தான்" என்றாள். அந்த நம்பிக்கையோடுதான் அப்பா கடைசிவரை இருந்தார்.

இன்று என் மகள் பள்ளிக்கூடத்தில் கபடி ஆடுகிறாள். காலை நொண்டிக்கொண்டு வந்து "ஒண்ணுமில்லம்மா" என்கிறாள். நான் விடாமல் அவள் முன்னெலும்பைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்கிறேன். வலித்தால் இரண்டு நாள் ஆட்டம் கிடையாது. என்னைப் பயந்தாங்கொள்ளி என்கிறாள், சொல்லட்டும். ஊரே கேலி செய்த என் பயத்துக்கு ஒரு வேலை கொடுத்தவள் சித்தி. தன்னால் நிறுத்த முடியாத ஓட்டத்தை, சத்தம் போடாமல் நிறுத்துகிற கையாகப் பார்த்துப் பிடித்தாள். அந்த நன்றி எனக்குத் தீராது. ஆனால் இதெல்லாம் இப்போது தெரிகிறது. அப்போது எதுவும் தெரியாது.

அந்த வருஷம் புரட்டாசியில் குறுவை அறுப்பு. வேலை உத்தரவு வந்து, சித்தி கிளம்ப இன்னும் பத்து நாள் இருந்தது. கூலி நெல் அளக்க அப்பா அவளைக் களத்தில் நிறுத்தினார். தாத்தா வீட்டுக் களத்தில் எட்டு வயதிலிருந்து அளந்த கை. மரக்கால் ஏறி இறங்க, எண்ணிக்கை நிற்காமல் போனது. அண்ணன் பக்கத்தில் நின்று "பதினேழு, நாப்பத்திரெண்டு, மூணு" என்று வேண்டுமென்றே குழப்பினான். அறுப்புக்கு வந்த அக்கா ஒருத்தி "போலீஸ் ஆனா புடவை கட்டவே விடமாட்டாங்களாமே?" என்று வாயைக் கிளறினாள். இரண்டு பேருக்கும் பதில் சொல்லிக்கொண்டே அளந்தாள் சித்தி. ஓர் எண் தவறவில்லை. சித்திக்கு எவ்வளவு நன்றாகக் கணக்கு வருகிறது என்று நான் வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஆள் சாக்கை விரித்துப் பிடித்தார். சித்தி மரக்காலைக் குவியலுக்குள் செருகி நிமிர்ந்தாள். என்னைத் தேடிப் பார்த்து, "லாபம்!" என்று சொல்லிச் சிரித்தாள்.

நானும் சிரித்தேன், எதற்கென்று தெரியாமலே.