குளிப்பாட்டிக் கொண்டுபோன கால்

சவூதியில் நான் லாரி ஓட்டிக்கொண்டிருந்த கம்பெனியை மூடிவிட்டார்கள். ஊருக்கு வந்து, அடுத்த விசா கிடைக்கும்வரை அக்கா வீட்டில் தங்கினேன். குழித்துறையிலிருந்து உள்ளே தள்ளி, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் வீடு. அத்தான் கத்தாரில் ஏசி மெக்கானிக். வீட்டில் அக்காவும், இரண்டாம் வகுப்பு படிக்கிற அவள் மகளும் மட்டும்தான்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். அதற்குப் பிறகு ரப்பர் பால் வெட்டியிருக்கிறேன், இனயத்தில் மீன் வண்டி ஓட்டியிருக்கிறேன், சூரத்தில் ஓட்டல் அடுப்படியில் வெந்திருக்கிறேன். இந்த வேலைகளில் உடம்புக்கு ஒன்று வந்தால் என்ன வந்தது என்று உடனே தெரிந்துவிடும். கத்தி பட்டால் ரத்தம் வரும். முதுகு பிடித்தால் படுக்க வேண்டும். அந்தப் பிள்ளையின் கால் முட்டுக்கு என்ன வந்தது என்று தெரிந்துகொள்ள ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் முழுசாகப் போயின. அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

நான் முன்னறையில் பாய் விரித்துப் படுப்பேன். காலையில் பிள்ளை எழுந்து அடுக்களைக்குப் போக என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் வந்த மறுநாளே பார்த்தேன். அவள் நடந்து போகவில்லை. சுவரில் கைவைத்து, இடது காலை மடக்கியபடியே, நொண்டிப் போனாள். பாதி வழியில் உட்கார்ந்து, மீதியைத் தரையில் நகர்ந்தே கடந்தாள். இடது முட்டு வீங்கி, பக்கத்தில் இருக்க வேண்டிய குழிகள் தெரியாமல் வழவழவென்று இருந்தது.

"என்னட்டி, நடக்க மாட்டியா?"

"முட்டு இன்னும் எழும்பல்ல மாமா" என்றாள். ஏதோ தங்கச்சி தூங்குவதைச் சொல்வதுபோல.

அக்கா அவளைத் தூக்கிக் குளியலறைக்குக் கொண்டுபோய் சூடுவெள்ளத்தில் நன்றாகக் குளிப்பாட்டினாள். சீருடை போட்டு, தலை பின்னி, இட்லி கொடுத்து, பள்ளி வேன் வருவதற்குள் பிள்ளை கிட்டத்தட்ட ஒழுங்காக நடந்தாள். மத்தியானம் மற்ற பிள்ளைகளோடு ஓடவும் செய்தாள். விளையாட்டு வாத்தியார் அதைப் பார்த்துவிட்டு, "காலத்த வரிசையில நிக்கச் சொன்னா நொண்டுது, உச்சைக்கு ஓடுது. சரியான மடிச்சி" என்று, சோம்பேறிப் பட்டத்தை அக்காவிடமே சொன்னார். ஞாயிற்றுக்கிழமை சபையில் அவளுக்காக ஜெபம் செய்யச் சொல்லிக் கேட்டபோதும் அப்படித்தான். ஆராதனை முடிந்து வெளியே ஓடிக்கொண்டிருந்தவளைக் காட்டி ஒரு அம்மா கேட்டாள்: "இந்தப் பிள்ளைக்கா தீனம்?"

எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளைக்குக் கால் வீங்கினால் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான். எங்கே விழுந்தாய்? அக்கா கேட்டாள். அத்தான் வாட்ஸ்அப்பில் முகத்தைக் காட்டிக் கேட்டார். பக்கத்து வீட்டில் கேட்டார்கள், வேன் டிரைவர் கேட்டார். "விழல்ல" என்று பிள்ளை சொல்லச் சொல்ல, எதையோ மறைக்கிறாள் என்று இன்னும் குடைந்தார்கள். கடைசியில் ஒருநாள் அவள் சொல்லிவிட்டாள்: பள்ளியிலிருந்து சிதறால் மலைக்குக் கூட்டிப் போனபோது பாறையில் வழுக்கி விழுந்தேன் என்று.

எல்லோருக்கும் நிம்மதி. பாறை என்றால் பாறைதான். எலும்பு டாக்டரிடம் போனோம். அவர் எக்ஸ்ரே எடுத்தார். எலும்பு உடையவில்லை, விழுந்ததில் முட்டுக்குள் நீர் கட்டியிருக்கிறது, அசையாமல் இருந்தால் வற்றிவிடும் என்று சொல்லி மாவுக்கட்டு போட்டார். சில வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தபோது வீக்கம் அப்படியே இருந்தது. கால் நீட்ட வரவில்லை. தொடை மட்டும் மெலிந்திருந்தது.

அடுத்து வர்ம ஆசான். அவரும் முதலில் கேட்டது விழுந்ததைத்தான். அக்கா பாறைக் கதையை இன்னும் விஸ்தாரமாகச் சொன்னாள். அதற்குள் அவளே மலைக்குக் கூடப் போய் வந்ததுபோலக் கதை வளர்ந்திருந்தது. ஆசான் தைலம் கொடுத்து, தடவிவிட்டு நொச்சி இலை வேகவைத்த தண்ணீரில் குளிப்பாட்டச் சொன்னார். பிள்ளைக்கு அது சுகமாக இருந்தது. குளித்து முடித்தால் கால் இளகிவிடும். "பாத்தியா, கொறையுது" என்பாள் அக்கா. மறுநாள் காலையில் பிள்ளை மறுபடி தரையில் நகர்ந்து வருவாள்.

ஒரு சாயங்காலம் பைக்கில் என் முன்னால் உட்கார்ந்திருந்தபோது பிள்ளை சொன்னாள்:

"மாமா, நான் பாறையில விழவே இல்ல."

வண்டியை ஓரம் கட்டினேன். "பின்ன எதுக்குட்டி விழுந்தேன்னு சொன்ன?"

"எல்லாரும் கேட்டுக்கிட்டே இருந்தாவ. இல்லன்னா நம்பல்ல. விழுந்தேன்னு சொன்னதும் கேக்கத நிப்பாட்டினாவ."

அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஆனால் வீட்டில் போய் அக்காவிடம் சொன்னேன். சொன்னால் உபகாரமாக இருக்கும் என்று நினைத்தேன். அக்கா பிள்ளையை இழுத்து நிறுத்தி, "அப்போ விழுந்தது கள்ளம். வேதனையும் கள்ளம்தானா?" என்று கத்தினாள். வீக்கம் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே கேட்கிறாள். அந்த ராத்திரி நான் சாப்பிடவில்லை.

பிறகு மார்த்தாண்டத்தில் ஒரு குழந்தை டாக்டர். ரத்தம் எடுத்தார்கள். மூட்டுவாதம் இருக்கிறதா என்று பார்க்கிற சோதனையில் இல்லை என்று வந்தது. "வாதம் இல்ல. பிள்ளையளுக்கு அதெல்லாம் அபூர்வம். வளருற வயசுல வாற கால்வலிதான்" என்றார். வளர்கிற வயசு வலி ஒரு முட்டில் மட்டும் எப்படி வீங்கும் என்று கேட்டேன். அவர் என் கைலியையும் என்னையும் பார்த்துவிட்டு, "நீங்க பிள்ளைக்கு யாரு?" என்றார். தாய்மாமன் என்றேன். "அம்மையப் பேசச் சொல்லுங்க" என்றார். அம்மை பேசவில்லை. அவளுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது.

எனக்கு எரிச்சல் வந்தது டாக்டர் மேலா அக்கா மேலா என்று தெரியவில்லை. இந்த எல்லாப் பயணத்திலும் ஒன்று மாறவே இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் அக்கா இன்னும் முன்னதாக எழுந்து இன்னும் பெரிய பானையில் வெள்ளம் காய்ச்சுவாள். நல்ல கவுன், பவுடர், பூ வைத்த ஹேர்பேண்ட். கல்யாண வீட்டுக்குப் போவதுபோல ஆக்கிக் கூட்டிப் போவாள். டோக்கன் வாங்கி உள்ளே போகும்போது வெயில் ஏறியிருக்கும். டாக்டர் "நட மோளே" என்பார். பிள்ளை நடப்பாள்.

எங்கள் சபையில் ஒரு பெண் திருவனந்தபுரத்தில் நர்ஸ். லீவில் வந்தவள் பிள்ளையின் காலைப் பார்த்துவிட்டு, குழந்தைகளின் மூட்டுக்கென்றே தனி டாக்டர்கள் உண்டு என்று சொன்னாள். அப்படி ஒரு படிப்பு இருப்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரியும். போனோம். வழக்கம்போலக் குளிப்பாட்டி.

அந்த டாக்டரம்மா எங்கே விழுந்தாய் என்று கேட்கவில்லை. அதுவே எனக்கு ஆச்சரியம். முட்டில் இரண்டு கையையும் வைத்துப் பிடித்துப் பார்த்தார். மடக்கினார், நீட்டினார். மற்ற மூட்டுகளையும், விரல்களைக்கூட, ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு மலையாளம் கலந்த தமிழில் கேட்டார்: "காலையில எழும்பினதும் இவள் எப்படி நடக்கும்?"

"முதல்ல கொஞ்சம் பிடிச்ச மாதிரி இருக்கும். குளிச்சா செரியாவும்" என்றாள் அக்கா.

"இன்னைக்குக் குளிச்சதா?"

"குளிக்காம கொண்டு வருவமா டாக்டரம்மா?" அக்கா கொஞ்சம் ரோஷமாகவே சொன்னாள்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. முந்தைய ரிப்போர்ட்டுகளைப் புரட்டினார். "இவளைப் பார்த்த எல்லாருகிட்டயும் குளிச்சிட்டுத்தான் போனதா?" என்றார்.

அக்கா ஆமாம் என்று தலையாட்டினாள். தினமும் காலையில் பாயில் கிடந்தபடியே அவள் தரையில் நகர்ந்து போவதைப் பார்த்தவன் நான். ஒரு டாக்டரும் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் குளிப்பாட்டாமல், வெயில் ஏறும் முன்னே கொண்டுவரச் சொன்னார். அந்த வாரம் முழுக்க வீட்டில் சண்டை.

"பத்துபேரு இருக்க எடத்துக்கு பிள்ளைய அழுக்கோட கொண்டு போவணுமா? பெத்தவளுக்க லெச்சணத்தத்தான் கேப்பாவ."

"ஒனக்க லெச்சணத்தப் பாக்கவா அவிய கூப்பிட்டாவ? முட்டப் பாக்கக் கூப்பிட்டாவ."

"நீ ஊரு ஊரா குளிக்காமத் திரிஞ்சவன்தான. ஒனக்கு என்னலே தெரியும்?"

அது உண்மைதான். சூரத்தில் தண்ணீர் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வரும்.

போகிற நாள் விடியும் முன்னே எழுந்து, அடுப்பை நானே அணைத்தேன். அக்கா காய்ச்ச வைத்திருந்த பானை அரைச் சூட்டில் இருந்தது. ஒரு துண்டை நனைத்துப் பிள்ளையின் முகத்தை மட்டும் துடைக்க அக்காவை விட்டேன். குழித்துறையில் காலை ரயிலில் ஏறினோம். பிள்ளை ஜன்னலோரம் காலை மடக்கியபடியே உட்கார்ந்து வந்தாள். இறங்கும்போது கால் நீளவே இல்லை. தூக்கிக்கொண்டு போனேன். டாக்டரம்மா அறையில் இறக்கிவிட்டேன். "நட மோளே" என்றார்.

பிள்ளை என்னைப் பார்த்தாள். பிறகு மேசையைப் பிடித்து, நாற்காலியைப் பிடித்து, பிடிக்க ஒன்றும் இல்லாத இடம் வந்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தினம் வீட்டில் பார்த்ததுதான். வெளியாள் முன்னால் பார்த்தபோதுதான் அது அவளுக்கு வியாதியாகத் தெரிந்தது.

அது பிள்ளைகளுக்கு வருகிற மூட்டுவாதம். நோய்க்கிருமியோடு சண்டைபோட வேண்டிய உடம்பின் சக்தி, தன் மூட்டோடேயே சண்டைபோடுமாம். இருக்கிறது இல்லை என்று அடித்துச் சொல்ல ஒரு ரத்தச் சோதனையும் கிடையாதாம். பெரியவர்களுக்குப் பார்க்கிற வாதச் சோதனை இந்தப் பிள்ளைகளில் பலருக்கு இல்லை என்றே வருமாம். வீக்கம் வாரக்கணக்கில் நிற்கிறதா, காலையில் இறுகுகிறதா, வேறு காரணம் ஒன்றும் இல்லையா என்று பார்த்துத்தான் முடிவு செய்வார்களாம். கண்ணுக்குள்ளும் சத்தமில்லாமல் வரும், சிவக்காது, வலிக்காது, அதனால் மாதங்களுக்கு ஒருமுறை கருவியில் வைத்துக் கண்ணைப் பார்த்தே ஆக வேண்டும் என்றார். நல்லவேளை, கண்ணில் ஒன்றும் இல்லை. மயக்கம் கொடுத்து முட்டுக்குள் ஒரு ஊசி போட்டார்கள். வாரத்துக்கு ஒருநாள் மட்டும் சாப்பிடுகிற மாத்திரை ஒன்று எழுதினார்கள்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். மருந்துக் கடையில் மாத்திரையை எடுத்துக் கொடுத்தவர், "இது கேன்சருக்குள்ள மருந்தாச்சே, பிள்ளைக்கா?" என்று கேட்டுவிட்டார். அக்கா அட்டையை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். அத்தான் கத்தாரிலிருந்து அழுதார். இந்தச் சின்ன அளவில் இது மூட்டுக்குத்தான் கொடுப்பது, ரத்தம் பார்த்துப் பார்த்துத்தான் கொடுப்போம் என்று டாக்டரம்மா எங்களுக்கு முன்பே சொல்லியிருந்தார். நான் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். ஒன்பதாம் வகுப்புக்காரன் சொல்லை யார் கேட்பார்கள்? கடைசியில் டாக்டரம்மாவுக்கே போன் போட்டு, ஸ்பீக்கரில் அக்காவைத் திட்டவைத்தேன். அதற்குப் பிறகுதான் அலமாரி திறந்தது. அதற்குள் சில வாரங்கள் போயிருந்தன.

மடங்கியே கிடந்த கால் நீட்ட வந்துவிட்டது. காலையில் பிள்ளை என் பாயைத் தாண்டி நடந்து போனாள், சிலநாள் என் வயிற்றில் மிதித்துக்கொண்டே. எனக்கு விசாவும் வந்தது. கிளம்பும் முன்னால் கடைசியாக ஒருமுறை திருவனந்தபுரம் கூட்டிப்போனேன். அக்கா தலையை மட்டும் பின்னி, குளிப்பாட்டாமல் அனுப்பினாள். இப்போது அதனால் ஒன்றும் இல்லை, குளிப்பாட்டலாம் என்று சொன்னாலும் கேட்கவில்லை.

டாக்டரம்மா பிள்ளையைப் படுக்கவைத்து இரண்டு கால்களையும் டேப்பால் அளந்தார். இடது கால் நீளமாக இருந்தது. வீக்கம் நெடுநாள் இருந்தால் அந்தப் பக்கத்து எலும்பு வேகமாக வளர்ந்துவிடுமாம். சின்ன வித்தியாசம்தான், வளர வளரச் சமமாகக்கூடும், அதுவரை வலது செருப்பில் கட்டை வைக்கச் சொன்னார்.

"முன்னமே வந்திருந்தா?" என்று கேட்டேன்.

"முன்னமே வந்திருந்தா நல்லது" என்றார்.

மார்த்தாண்டத்தில் செருப்புத் தைக்கிறவரிடம் வலது செருப்பைக் கொடுத்தேன். அவர் ஒரு ரப்பர் துண்டை வெட்டி அடியில் ஒட்டி, ஓரத்தைச் சீவினார். ஒரு பிஸ்கட் கனம்தான். பிள்ளை போட்டுப் பார்த்துவிட்டு, ஒரு கால் மட்டும் ஹை ஹீல்ஸ் என்று சிரித்தாள்.

"எங்க பிள்ள விழுந்த?" என்று அவர் கேட்டார்.

"விழல்ல" என்று நான் சத்தமாகச் சொன்னேன். அவர் நம்பவில்லை. பிள்ளை என் கையைப் பிடித்து இழுத்தாள், பஸ் வந்துவிட்டது.