அம்மான் பச்சரிசி

பெங்களூரில் இருக்கும் மருமகள் நேற்று ஒரு படம் அனுப்பியிருந்தாள். ரோஜாத் தொட்டியில் தானாக முளைத்த ஒரு செடி. "இது களைதானுங்க அத்தை? புடுங்கிரட்டுங்களா?" பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அம்மான் பச்சரிசி. காம்பைக் கிள்ளினால் பால் வடியும். பதில் போடாமல் போனை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

மகன் பிறந்த புதிது. எனக்கு அம்மாவும் இல்லை, மாமியாரும் இல்லை. வீட்டுக்காரருக்குக் கோயமுத்தூரில் வேலை, சனிக்கிழமைதான் வருவார். பாலக்காட்டுப் பக்கம் நல்லேப்பிள்ளியில், வயலுக்கு நடுவே தனி வீடு. சொன்னால் சிரிப்பீர்கள், காலேஜ் படித்த மிதப்பில் பிள்ளை வளர்ப்புப் புத்தகங்களாக வாங்கி அடுக்கியிருந்தேன். பால் வராவிட்டால் என்ன செய்வது என்ற பக்கத்தைத் தேடிக்கொண்டே, பிள்ளையோடு சேர்ந்து நானும் அழுதேன்.

களை பறிக்க வந்திருந்த மாராத்தாள் வாசலில் வந்து நின்றாள். "ஏனுங்கம்மணி, புள்ள இந்தக் கத்து கத்துது?"

சொன்னேன். சேற்றுக் கையைக் கழுவிக்கொண்டு வரப்புப் பக்கம் போனவள், மடி நிறைய அந்தச் செடியோடு திரும்பினாள். களையென்று தினமும் அவள் பிடுங்கி எறிவதுதான். பாசிப்பருப்புப் போட்டுக் கடைந்து சோற்றில் பிசைந்து கொடுத்தாள். ஒரு வாரம், மத்தியானம் தவறாமல் வந்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஐந்தாம் நாள் பால் வந்தது. செடியால் வந்ததா, ஒருத்தி பக்கத்தில் இருந்ததால் வந்ததா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிள்ளை குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தவள், "எனக்குப் பாலு இருந்துச்சுங்க அம்மணி. புள்ளதான் தங்கல" என்றாள். நான் அவள் கையைப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை.

சில வருடம் கழித்துக் களைக்கொல்லி வந்தது. பத்துப் பேர் மூன்று நாள் பறிப்பதை ஓர் ஆள் அரை நாளில் முடித்துவிடுவார் என்று வீட்டுக்காரரிடம் எடுத்துச் சொன்னதே நான்தான். அந்தப் போகத்தில் வேலை கேட்டு வந்த மாராத்தாள், மஞ்சளாய்க் கருகிக் கிடந்த வரப்பைப் பார்த்தபடி நின்றாள்.

"இனி எங்களக் கூப்புடமாட்டீங்களாட்ட இருக்குதுங்க."

"வேணும்னா சொல்லியுடறேன், மாராத்தா."

சொல்லிவிடவில்லை. திருப்பூருக்குப் போய்விட்டாள் என்று யாரோ சொன்னார்கள். அதோடு சரி.

வீட்டுக்காரரும் தவறிவிட்டார். களை பறிக்க வரும் பெண்களின், அடுப்படிவரை கேட்கும் பேச்சும் சண்டையும் சிரிப்பும் நின்று எத்தனையோ காலமாகிறது. போன வாரம் மருந்தடிக்க ஓர் ஆள் வந்தார். முகத்தை மூடிக் கட்டியிருந்தார். வேலை முடிந்து கிளம்பும்போது, "குடிக்கத் தண்ணி வேணுங்களா?" என்று கேட்டேன். வண்டியில் தொங்கிய பாட்டிலைத் தட்டிக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.