சேலை வாங்காதவர் பெயர்

கே.கே. நகர் கம்ப்யூட்டர் சென்டரில் இரண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர்தான். என் ஜோடி கோபால், சுங்குடிச் சேலை விற்கும் சௌராஷ்டிரக் குடும்பத்துப் பையன். டேட்டாபேஸில் இரண்டு பட்டியல்களை இணைப்பது எனக்குப் புரியவே இல்லை. அவன் கடையிலிருந்து இரண்டு நோட்டுகளைக் கொண்டுவந்து விரித்தான். ஒன்றில் வாடிக்கையாளர் பெயர், மற்றதில் அவர்கள் வாங்கிய சேலை.

"வாங்காதவுக பேரையும் விட்றக்கூடாது மாப்ள. எதிர்ல காலியா இருந்துட்டுப் போகட்டும்."

படிப்பு முடிந்து இருவரும் சேர்ந்து போன வேலை இன்டர்வியூவிலும் அதையேதான் கேட்டார்கள்: இரண்டு பட்டியலை இணைக்க வேண்டும், யார் பெயரும் விடுபடக் கூடாது. தடங்கலின்றி எழுதினேன்.

முதலில் வெளியே வருபவன் கேள்விகளைச் சொல்லிவிடுவது எங்கள் வழக்கம். அடுத்து உள்ளே போகவிருந்த கோபால், "என்ன கேட்டாங்க மாப்ள?" என்றான். ஒரே ஓர் இடம்தான் காலி என்று வரிசையில் யாரோ பேசிக்கொண்டது என் காதில் நின்றது.

"பதட்டத்துல ஒண்ணும் ஞாபகமில்லடா."

கால் மணி நேரத்தில் சிரித்தபடி வந்தான். என்னைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"நான் சொல்லிக்குடுத்ததத்தான கேட்டாங்க. அதயுமா மறந்த?"

கடைசியில் அந்தக் கம்பெனியிலேயே இருவருக்கும் வேலை கிடைத்தது, வேறு வேறு ஊரில். என் கடிதங்களுக்கு அவன் பதில் போடவில்லை.

ஒவ்வொரு வருடமும் புது டைரியில் போன் நம்பர்களை எழுதும்போது கோபால் பெயரையும் எழுதுகிறேன். எதிரே காலியாகத்தான் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.