ஊசிக்கரட்டுத் தடம்

சாமுவேலுக்கு உயரம் ஆகாது. கோவையில் கணபதி பகுதியில் அவருடைய சைக்கிள் கடைக்கு மேலே மொட்டைமாடி உண்டு. அதன் கைப்பிடிச் சுவர் ஓரம் அவர் போய் நின்றதை யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் ஊரில் கியர் சைக்கிளில் கரடுமுரடான தடங்களில் ஓட்டுகிறவர்கள், புதுத் தடம் வேண்டுமென்றால் அவரிடம்தான் வருவார்கள்.

மண்வெட்டி போட்டு வெட்டிய பாதை அவருக்கு ருசிக்காது. ஆடுகள் நடந்து நடந்து, மழைத்தண்ணீர் ஓடி ஓடித் தானாக உண்டான தடமாக இருக்க வேண்டும். வேலை ஓய்ந்த மத்தியானங்களில் செல்போனில் செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கி, பாறைக்குன்றுகளின் மேல் தலைமுடி போல ஓடும் வெள்ளைக் கோடுகளைத் தேடுவார். சனிக்கிழமை காலையில் நேரில் போய்ப் பார்ப்பார். காட்டுப் பக்கம் மட்டும் போக மாட்டார். யானை என்றால் அவருக்குப் பயம், வனத்துறை என்றால் அதைவிடப் பயம். ஊரையொட்டிய கரடுகள், மரமில்லாத அந்தச் சிறு பாறைக்குன்றுகளே அவருக்குப் போதும். நாற்பத்து மூன்று வயதுக்குள் இப்படிப் பதினேழு தடங்களைக் கண்டுபிடித்திருந்தார்.

பதினெட்டாவது, கோபிசெட்டிபாளையம் போகும் வழியில் உள்ள ஊசிக்கரடு. சென்ற தை மாதம் நித்யஸ்ரீயையும் கூட்டிக்கொண்டு போனார். சரவணம்பட்டியில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் பெண். இறக்கத்தில் அவளைப் போலச் சைக்கிள் ஓட்ட அவருடைய கூட்டத்தில் ஆளில்லை.

அடிவாரத்தில் ஒரு பெண் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். புது இடமென்றால் யாரிடமாவது வழி கேட்பது சாமுவேலின் வழக்கம். அன்று வெயில் ஏறுவதற்குள் உச்சிக்குப் போய்விட வேண்டும் என்ற அவசரத்தில் கேட்கவில்லை.

சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு முக்கால் மணி நேரம் ஏறினார்கள். உச்சியிலிருந்து வடக்கே இறங்கும் தடம், படத்தில் பார்த்தபடியே இருந்தது.

“நான் முன்னால போறேனுங்ணா.”

“பாத்து, மெதுவாப் போ அம்மணி.”

அவள் இருபதடி முன்னால் போக, அவர் பின்னால் இறங்கினார். பாதி தூரத்தில் ஏதோ சரியில்லை என்று அவருக்குப் பட்டது. காரணம் உடனே பிடிபடவில்லை. பிறகு தரையைப் பார்த்தார். மேலே வழியெங்கும் கிடந்த ஆட்டுப்புழுக்கை இங்கே ஒன்றுகூட இல்லை. தடத்தின் நடுவே முழங்கால் உயரத்துக்குப் புல் வளர்ந்திருந்தது. வெகுநாளாக இந்தப் பக்கம் ஆடு வரவில்லை. ஏன் வரவில்லை?

“நித்யா, நில்லு! நில்லு!”

அவள் பிரேக் பிடித்தாள். சரளைக்கல்லில் பின்சக்கரம் வழுக்கிக்கொண்டு போனது. புல்லுக்கு அந்தப் பக்கம் சைக்கிளும் அவளும் மறைந்தார்கள். சத்தமே இல்லை. சற்றுப் பொறுத்து, எங்கோ அடியாழத்தில் தண்ணீரில் பெரிதாக ஏதோ விழும் ஓசை கேட்டது.

சாமுவேல் சைக்கிளைப் போட்டுவிட்டு நின்றார். கரட்டின் வடபாதி அங்கே இல்லை. கல் வெட்டியெடுத்து, பாறைக்குழியாகக் கிடந்தது. தடம் அதன் விளிம்பில் அறுந்துபோயிருந்தது.

“அண்ணா.” குரல் மிக மெல்லியதாக வந்தது. “கை வழுக்குதுங்ணா.”

விளிம்பில் ஓர் ஆள் நீளத்துக்குச் சரிவு. அதில் அவள் குப்புறக் கிடந்தாள். கால்கள் வெறும் வெளியில் தொங்கின. வலது கை ஒரு ஊஞ்ச மரத்து வேரைப் பிடித்திருந்தது. இடது கை அசையவில்லை.

அவர் பையில் மாற்றுச் சைக்கிள் டியூப் இரண்டு இருந்தன. ஒன்றை அந்த மரத்தின் அடியில் சுற்றி மாட்டினார். அதில் இன்னொன்றைக் கோத்தார். இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். இரண்டாவது டியூபின் வளையத்துக்குள் பாதத்தை நுழைத்துக்கொண்டு, தலை கீழாகச் சரிவில் ஊர்ந்தார். நூறடி கீழே பச்சைத் தண்ணீர் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டார். மூடினால் அவளைப் பிடிக்க முடியாது என்று தோன்றியதும் திறந்தார்.

“கீழ பாக்காத அம்மணி. என்னையப் பாரு. வாரேன்.”

அவர் முகத்தைப் பார்த்தது குழியைவிடப் பயமாக இருந்தது என்று அவள் பின்னால் சொன்னாள்.

அவள் முதுகுப்பையின் வார்கள் இரண்டும் அவர் கைக்குச் சிக்கின. டியூப் நீண்டது. காலில் இறுகியது. அவர் இழுக்க, அவள் முழங்காலை ஊன்றி ஊன்றி ஏறினாள். எவ்வளவு நேரம் என்று இருவருக்கும் தெரியாது. புல்லுக்கு இந்தப் பக்கம் வந்து விழுந்த பிறகும் சாமுவேல் அந்த வார்களை விடவில்லை.

சத்தம் கேட்டு ஆட்டுக்காரப் பெண் மேலே வந்தாள். பொற்கொடி என்று பெயர்.

“ஏனுங்க, இந்தத் தடத்துல நாங்களே போறதில்லீங்க. ரெண்டு ஆடு உழுந்துபோச்சுங்க. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்களே.”

அவள்தான் நித்யஸ்ரீயைத் தாங்கிப் பிடித்து இறக்கிவிட்டாள்.

தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. நித்யஸ்ரீ ஒரு மாதத்தில் வேலைக்குப் போனாள். சாமுவேலோ பத்து நாள் கடையைத் திறக்கவில்லை. தண்ணீரில் விழுந்த அந்த ஓசை காதைவிட்டுப் போகவில்லை. ஒரு நாள் செல்போனை எடுத்துப் பார்த்தார். ஊசிக்கரட்டில் தடம் அப்படியே வெள்ளையாக ஓடியது. படத்தின் தேதி ஏழு வருடத்துக்கு முந்தையது. அப்போதுதான் இன்னொரு பயம் பிடித்தது. மற்ற பதினேழு தடங்களையும் அவரை நம்பித்தானே ஓட்டுகிறார்கள்?

அன்றே எல்லோருக்கும் சொல்லிவிட்டார், தான் நடந்து பார்க்கும் வரை யாரும் போகக் கூடாதென்று. பதினேழையும் நடந்து முடிக்க ஐந்து மாதம் ஆனது. ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் நின்று, மூச்சை இழுத்துவிட்டு, ஒரு குச்சியால் புல்லை விலக்கிப் பார்த்தார். பன்னிரண்டாவது தடத்தில் ஒரு திருப்பத்துக்கு அப்பால் புதுக் கம்பிவேலி இருந்தது, சைக்கிளில் வருகிறவன் கழுத்து உயரத்தில். அதைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

கடைசியாக ஊசிக்கரட்டுக்குப் போனார். பொற்கொடி வேலிமுள் வெட்டிக்கொண்டு வந்தாள். விளிம்புக்கு முப்பதடி முன்பே கல்லடுக்கி, முள்ளைப் போட்டுத் தடத்தை அடைத்தார்கள். அதற்கு மேல் அவரால் ஒரு எட்டுக்கூட வைக்க முடியவில்லை.

ஆடி மாதம் நித்யஸ்ரீ புதுச் சைக்கிளோடு கடைக்கு வந்தாள்.

“அடுத்த கரடு எதுங்ணா?”

“நடந்து பாக்கணும் அம்மணி. ரெண்டு வாரம் ஆகும்.”

“நானும் நடக்கறேனுங்ணா,” என்றாள் அவள். “தனியாப் போனா நீங்க இன்னும் பயந்துக்குவீங்க.”