அம்மாள் எடுக்காத வலி

அந்த ஆடி மாதம் என் இடது கணைக்கால் எலும்பு குத்தத் தொடங்கியது. யுத்த காலம் அது. எனக்கு இருபத்தாறு வயது. எங்கள் ஊர் உடப்பில் அம்மன் திருவிழாவுக்குக் கரகம் எடுத்து ஆடுகிறவள் நான். புதிதாகப் போட்ட சீமெந்துத் தரையில் வெறுங்காலோடு ஒரு மாதம் ஆடிப் பழகியிருந்தேன். சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்த்தேன். துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மறுபடி ஆடினேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கரகம் வேறு ஆளிடம் போய்விடும் என்ற பயம்.

கையில் காப்புக் கட்டியாயிற்று. காப்புக் கட்டியவர்கள் திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. திருவிழாவின் மூன்றாம் நாள் இடது காலை நிலத்தில் ஊன்றவே முடியவில்லை. இனி நடக்கவே மாட்டேனோ என்று பயந்தேன். சன்னதியில் விழுந்து அழுதேன். "வலியை மட்டும் எடு தாயே" என்று கேட்டேன். எள்ளளவும் குறையவில்லை.

நான் நொண்டியதைப் பூசாரி ஐயா பார்த்துவிட்டார்.

"காலைக் காட்டு பிள்ள. இப்படி வீங்கியிருக்கு, ஆஸ்பத்திரிக்குப் போகல்லையா?"

"காப்போட எப்படி ஐயா போறது? தெய்வக் குத்தம் வந்திடும்."

"அத நீயும் நானும் சொல்ல ஏலாது. அவள்ட்டயே கேப்பம்."

சிவப்புப் பூ வந்தால் ஆடுவது, வெள்ளை வந்தால் காப்பை அவிழ்த்து ஆஸ்பத்திரிக்குப் போவது என்றார் ஐயா. இரண்டையும் தனித்தனி வெற்றிலையில் மடித்து அம்மாளின் காலடியில் போட்டார். ஒன்றை எடுத்தேன். வெள்ளை. நான் பிடிவாதக்காரி, இன்னொரு முறை என்றேன். மறுபடியும் வெள்ளை.

"எத்தின தரம்தான் அவள் சொல்றது?" என்று சிரித்தபடி ஐயா காப்பை அவிழ்த்தார்.

வீட்டாரோடு வாடகை வான் ஒன்றைப் பிடித்து, இரண்டு இராணுவச் சோதனைச் சாவடி தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போனோம். படம் பிடித்துப் பார்த்த டாக்டர், எலும்பில் மயிரளவு வெடிப்பு என்றார். ஓயாமல் ஆடுகிறவர்களுக்கு வருவதாம். பயிற்சி எடுக்கும் ஆமிக்காரர்களுக்கும் வருமாம். பக்கத்து வாங்குப் பலகையில் இருந்த ஆமிக்காரர் கட்டுப் போட்ட தன் காலைக் காட்டிச் சிரித்தார்.

"இன்னும் ரெண்டு நாள் ஆடியிருந்தா முழுசா முறிஞ்சிருக்கும், தங்கச்சி" என்றார் டாக்டர்.

ஆறு கிழமை, ஒன்றரை மாதம், பிளாஸ்டரோடு கிடந்தேன். அடுத்த ஆடியில் கரகம் என் தலையில்தான். வீதி முழுக்க ஆடினேன், கால் நோகவே இல்லை. இப்போது என்னிடம் கரகம் பழக வரும் பெண்களிடம் முதலில் காலைக் காட்டச் சொல்கிறேன். நோவை மறைக்கிறவளுக்கு அன்று ஆட்டம் கிடையாது.

கேட்டது கிடைக்கவில்லை என்று அம்மாளோடு கோபித்துக்கொள்ளாதீர்கள், நம்பி வாருங்கள். அன்று நான் கேட்டபடி அவள் வலியை எடுத்திருந்தால், ஆடியே என் காலை முறித்திருப்பேன்.