முதல் பக்கத்துக் குடும்பம்

எனக்குப் பதினொரு வயதானபோது, ஒரு கட்சியின் இளைஞர் பகுதி நடத்திய தமிழ்ப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் நாங்கள் வந்தோம். அப்பா, அம்மா, தம்பி, நான். மலேசியாவில் தம்பின் என்ற ஊருக்குப் பக்கத்தில், அப்பாவும் அம்மாவும் மரத்தில் பால் வெட்டிய ரப்பர் தோட்டத்தை வீடு கட்டும் நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்கள். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்திருந்தது. அதைப் பற்றி எழுத மோட்டார் சைக்கிளில் ஓர் இளைஞர் வந்தார், தோளில் கேமராவோடு.

படம் எடுக்கிறார்கள் என்றதும் அம்மா எங்களுக்குப் பவுடர் பூசி, தானும் தீபாவளிப் புடவையைக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். அந்த இளைஞர் கேமராவை இறக்கிவிட்டார்.

"அக்கா, இப்படி நின்னா யாரும் நம்ப மாட்டாங்க. பால் வெட்டப் போற துணியிலயே நில்லுங்க."

அம்மா உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்தார். தம்பியின் சட்டையைக் கழற்றச் சொன்னார் அந்த இளைஞர். என் சிலிப்பரையும். அப்பா எதையும் மாற்றவில்லை, கேமராவைப் பார்க்கவும் இல்லை. எல்லாம் முடிந்ததும் அந்த இளைஞர் எங்கள் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் போனார்.

'நாளை இவர்கள் எங்கே?' என்ற தலைப்போடு படம் வந்தது. தமிழ்ப்பள்ளியில் எங்கள் ஆசிரியை அதை வெட்டி, வகுப்புப் பலகையில் பெருமையாக ஒட்டிவைத்தார். பக்கத்து லயத்துப் பெண் என் காலையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "உனக்கு சிலிப்பர் கூட இல்லியா? நேத்துகூடப் போட்டிருந்தியே" என்றாள். அவர்கள் வீட்டுக்கும் அதே நோட்டீஸ்தான் வந்திருந்தது. ஆனால் வெறுங்காலோடு நின்றது நான் மட்டும்தான்.

தொடக்கத்தில் அந்தப் பத்திரிகை கையால் சுற்றும் இயந்திரத்தில் அடித்த நாலு பக்கம். பிறகு கோலாலம்பூரில் அச்சாகி ரயிலில் கட்டுக்கட்டாக வந்தது. இளைஞர் பகுதி ஆட்கள் பசாரிலும் கோயில் வாசலிலும் நின்று விற்றார்கள். அதில் வந்த தொடர் கட்டுரைகளால்தான் எங்கள் தோட்டத்து ஆட்களுக்கு மலிவு விலையில் வீடு கிடைத்தது என்று அம்மா இன்றும் சொல்வார். பொய்யென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வீட்டில் இருந்துதான் நான் படித்தேன்.

ஆனால் படம் எங்களை விடவில்லை. தேர்தல் வந்தால் அந்தப் படம். கல்வி நிதி திரட்டினாலும் அந்தப் படம். பின்னாளில் இளைஞர் பகுதி இரண்டாக உடைந்து, ஆளுக்கொரு பத்திரிகை நடத்தினார்கள். தாங்கள்தான் அசல் என்று இரண்டு தரப்பும் சொல்லிக்கொண்டு, இரண்டும் முதல் இதழில் எங்களையே போட்டன. அப்போது நான் சிரம்பானில் ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பக்கத்து மேசைப் பெண் பத்திரிகையை என் பக்கம் திருப்பி, "பாவம்லா இந்தப் பிள்ளை" என்றாள்.

"ஆமா, பாவம்" என்றேன்.

இரண்டு பத்திரிகைகளும் வாங்க ஆளில்லாமல் நின்றபோது நான் சந்தோஷப்பட்டேன். கல்யாணமாகிப் போன இடத்தில், தம்பின் டவுனில் வளர்ந்தவள் என்று சொல்லிவைத்திருந்தேன். மகளிடமும் அதையேதான் சொன்னேன். அவளிடம் தோட்டத்தைப் பற்றிப் பேச வேண்டாம் என்று அம்மாவிடமும் சொல்லிவைத்தேன்.

போன வருடம் மகள் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே அதே கட்சியின் இளைஞர் பகுதியில் சேர்ந்தாள். பழைய பத்திரிகையின் வரலாற்றைச் சொல்ல சிரம்பானில் ஒரு கண்காட்சி வைத்து, எங்களைக் கூப்பிட்டாள். நான் தலைவலி என்று சொல்லிப் பார்த்தேன். அம்மா எனக்கு முன்பே கிளம்பி உட்கார்ந்திருந்தார்.

மண்டபத்து நுழைவிலேயே நாங்கள் நின்றோம், கதவு உயரத்துக்கு.

"இதுதான் மா அந்தப் பேப்பரோட ஃபேமஸ் படம். எவ்ளோ கஷ்டம் பாருங்க" என்றாள் மகள். அம்மா செத்துப்போன அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மேடையில் படம் எடுத்தவரே பேசினார். தலை முழுக்க நரைத்திருந்தது. "அந்த வீட்டுல அன்னைக்கு அடுப்பு எரியல. அந்தப் பிள்ளைங்க பசியோட நின்ன நிலைமையப் பார்த்து என் கை நடுங்குச்சு" என்றார். கூட்டம் கை தட்டியது. மகளும் தட்டினாள்.

"கோழிக் கறி வெச்சேனே" என்றார் அம்மா, தனக்குள் பேசுவதுபோல. "இந்தத் தம்பி ரெண்டு தடவை சோறு வாங்கிச்சே."

மகளின் கை நின்றுவிட்டது. அம்மாவைப் பார்த்தாள், பிறகு என்னை.

கூட்டம் கலைந்ததும் அம்மா அவரைத் தேடிப் போனார். வேண்டாம் என்று நான் கையைப் பிடித்தேன், உதறிவிட்டார். தேநீர் மேசையருகே அவரைப் பிடித்து, "தம்பி, அந்தப் படத்துல இருக்கறது நான்தான்" என்றார். அவர் கோப்பையை வைத்துவிட்டு அம்மாவின் முகத்தை உற்றுப் பார்த்தார். அடையாளம் பிடிபட்டதும் அவருடைய முகம் சுருங்கிப்போயிற்று.

"அக்கா, உங்க கையால சாப்பிட்டிருக்கேன். மறக்கல. மேடையில பேசிப் பேசி அப்படி ஆயிடுச்சுக்கா."

"பரவால்ல தம்பி. வீடு கெடச்சுதே. உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?"

அவர்கள் இரண்டு பேரும் நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசத் தொடங்கினார்கள். நான்தான் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றேன். கொஞ்சம் முன்னால்கூட அம்மாவை இழுத்துப் பிடித்தவள் நான். படம் எடுத்தவர் பொய் சொன்னதற்காக இல்லை, உண்மை வெளியே வந்துவிடக் கூடாது என்று.

மகள் பக்கத்தில் வந்தாள். "அந்தப் பிள்ளை நீங்களா மா?"

தலையாட்டினேன்.

"ஏன் சொல்லல?"

"வெட்கமா இருந்துச்சு."

"எதுக்கு?"

சிலிப்பர் இல்லாததற்கா, சிலிப்பர் இருந்தும் கழற்றி நின்றதற்கா, 'ஆமா, பாவம்' என்று சொன்னதற்கா? அவள் வற்புறுத்தவில்லை. அந்த வாரம் படத்தைத் தன் கைத்தொலைபேசியில் காட்டி, "கண்காட்சியில இதுக்குக் கீழ உங்க பேரையும் பாட்டி பேரையும் போடட்டுமா? கோழிக் கறி கதையும் எழுதறேன்" என்று கேட்டாள். அம்மா உடனே சரி என்றார்.

"கொஞ்ச நாள் போகட்டும்" என்றேன் நான். அவள் அதற்கப்புறம் கேட்கவில்லை. நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.