எட்டாவது பொட்டு

லிஃப்ட் பொத்தானை முழங்கையால் அழுத்தி, கதவைத் தோளால் தள்ளி, மூன்றாவது வார்டுக்குள் நுழைகிறார் மரகதம். நுழைந்ததும் வணக்கம் கிடையாது. "கை கழுவினீங்களா?" அதுதான் வணக்கம். எதிரில் இருப்பவர் பெரிய டாக்டரானாலும் சரி, நோயாளியைப் பார்க்க வந்த சம்பந்தியானாலும் சரி.

சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருக்கும் ஆஸ்பத்திரியில் அவர் லேப் டெக்னீஷியன். எந்த மருந்துக்கும் அசையாத கிருமி எந்தக் கட்டிலிலிருந்து எந்தக் கட்டிலுக்குப் போகிறது என்று துப்புத் துலக்குவது வேலை. பஞ்சு சுற்றிய குச்சியால் அவர் தடவாத இடமில்லை: கதவுப் பிடி, ஸ்டெதஸ்கோப், டாக்டர் வெங்கடகிருஷ்ணனின் டை. டையைத் தொட்டபோது டாக்டர் கத்தினார்.

"சும்னே கத்தாதீங்க சார். இதைக் கடைசியா எப்ப துவைச்சீங்க? கல்யாணத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?"

மறுநாளிலிருந்து டாக்டர் டை கட்டுவதில்லை.

ஒக்கலிபுரத்து வீட்டுக்குப் போகும் பஸ்ஸில், கண்டக்டர் எச்சில் தொட்டுக் கிழித்த டிக்கெட்டைச் செத்த பல்லியைத் தூக்குவதுபோல் இரண்டு விரலால் வாங்குவார். அப்படிப்பட்ட ஆள்.

கோட்டுப் பையில் ஒரு சின்னக் கத்தரிக்கோல் உண்டு, மாதிரிக் குழாய்களில் ஒட்டும் பிளாஸ்திரியை நறுக்க. வார்டுகளில் கத்தரிக்கோல் வைத்த இடத்தில் இருக்காது என்பதால், கட்டுப் போடும் நர்ஸ்கள் அவரிடம்தான் கை நீட்டுவார்கள். "அஞ்சு நிமிஷம்தான், ஆமா!" என்று கொடுத்து, பக்கத்திலேயே நின்று வாங்கி, ஸ்பிரிட் பஞ்சால் ஒரு துடை துடைத்துப் பையில் போடுவார். அந்தத் தாராளத்தில் அவருக்குப் பெருமையும் உண்டு.

போன மாதம் கிருமி அவருக்கே ஆட்டம் காட்டியது. ஏழு பேருக்குப் புண் ஆறவில்லை. பீன்யாவில் லேத் ஓட்டும் உத்தமன் உடைந்த காலோடு படுத்திருந்தார். "எங்கிருந்து பரவுதுன்னு தெரியாம இவர் கால்ல கம்பி வைக்க மாட்டேன்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். "அக்கா, என் கால் தப்பிக்குமா?" என்று உத்தமன் தினமும் கேட்டார். மரகதத்துக்குச் சோறு இறங்கவில்லை.

1999ஆம் வருடக் காலண்டரின் பின்பக்கத்தில் ஆஸ்பத்திரியை வரைந்து, புண் ஆறாத கட்டில்கள் மேல் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினார். சந்தேகம் கேன்டீன்காரர் டென்சில் மேல் விழுந்தது. "இன்னொரு வாட்டி மூக்குல குச்சி உட்டீங்க, வேலையை உட்டுட்டுப் போயிடுவேன்" என்றார் அவர். அவர் மூக்கில் ஒன்றும் இல்லை.

புதன்கிழமை தரை துடைக்க வந்த கோவிந்தப்பா படத்தின் முன் நின்றார். மூன்றாவது வார்டு, ஐந்தாவது வார்டு, பெண்கள் வார்டு என்று பொட்டுகளை வரிசையாகத் தொட்டு, கன்னடம் கலந்த தமிழில் கேட்டார்.

"தப்பா நினைக்கபேடி மேடம். இது நீங்க தினா காலையில போற ரவுண்டு அல்லவா?"

மரகதம் சிரித்தார். "தமாஷ் மாடபேடி, கோவிந்தப்பா."

பிறகு சிரிப்பு நின்றது. கை தானாகக் கோட்டுப் பைக்குள் போனது.

கத்தரிக்கோலின் திருகாணி இடுக்கில், எந்த ஸ்பிரிட் பஞ்சும் எட்டாத இடத்தில், குச்சியை நுழைத்து எடுத்து, கிருமி வளர்க்கும் தட்டில் தடவி, மேலே மருந்து வில்லைகளை வைத்தார். வெள்ளிக்கிழமை தட்டைத் திறந்தால், மருந்து வில்லைகளை ஒட்டி இம்மி இடம் விடாமல் வளர்ந்திருந்தது அதே கிருமி. ஊரையெல்லாம் சந்தேகப்பட்டுவிட்டு, வார்டு வார்டாக அதைச் சுமந்துபோய்க் கொடுத்தது தானே என்று தெரிந்தபோது வெட்கத்திலும் துக்கத்திலும் அவருக்கு அழுகை வந்துவிட்டது.

டாக்டரிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். டாக்டர் தட்டைப் பார்த்தார், கத்தரிக்கோலைப் பார்த்தார்.

"இனி வார்டுக்கு வார்டு தனிக் கத்தரி. திங்கட்கிழமை உத்தமனுக்குக் கம்பி வெச்சிடலாம்" என்றவர், வாசல்வரை போய்த் திரும்பினார். "மேடம், கை கழுவினீங்களா?"

மரகதம் கழுவினார். படத்தின் முன் வந்து நின்றார். பொட்டு அட்டை காலி. நெற்றியிலிருந்ததை உரித்து, லேப் என்று எழுதியிருந்த கட்டத்தில், தன் நாற்காலி இருக்கும் மூலையில், கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினார்.